டொன்னாக் கால் தூக்கிய இடம்

கின்ஃபாலன் மாளிகை,
1823 மே 4

அன்புள்ள எஃபி அக்காவுக்கு,

தம்பி லாக்லன் எழுதுவது. கடவுள் கிருபையால் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இருமல் இருக்கிறது, வாயும் இருக்கிறது. வாய் இருக்கிறவரை அவருக்கு ஒன்றும் ஆகாது. நீயும் மர்டோ அத்தானும் குட்டி கிர்ஸ்டியும் நல்லபடியாகக் கரை சேர்ந்திருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். மரம் ஏற்றக் கடல் தாண்டி, நீங்கள் போன கேப் பிரெட்டனுக்குப் போகிற ஒரு மாலுமி இதை எடுத்துக்கொண்டு வருகிறான்.

சீமான் நம் ஆட்களையெல்லாம் விரட்டிவிட்டு ஆடு விட்டானே, நம் பள்ளத்தாக்கில் இப்போது அந்தச் செம்மறிகள்தான் குடித்தனம். போன ஞாயிறு மேலே ஏறிப் போனேன். தச்சர் நீல் வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை; அடுப்புக்கல்மேல் ஒரு கிடா படுத்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. யாரைக் கேட்டு உள்ளே வந்தாய் என்பதுபோல் பார்த்தது. பள்ளத்தாக்கு முழுக்க ஒரே ஒரு கூரையில்தான் புகை. அது நம் வீடு. அப்பா வாசல்கல்லில் உட்கார்ந்து ஆடுகளை ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

“வாடா மாளிகைக்காரா! அங்க ஆட்டுக்கறி போடுறாங்களா?”

“எலும்பு போடுறாங்கப்பா.”

“நல்லாக் கடி. நம்ம ஊரையே தின்னுட்டு கொழுத்த ஆடு. அதுல நம்ம பங்கும் இருக்கு.”

அவரை மட்டும் எப்படி விட்டுவைத்தார்கள் என்று நீ கேட்பாய். வயசானவர், கப்பல் தாங்கமாட்டார் என்று சீமானின் காரியஸ்தர் டர்ன்புல்லுக்கு மனம் இளகியிருக்கும். எனக்கு மாளிகையில் பிடில் வேலை நிலைத்துவிட்டது. விருந்தென்றால் கூடத்தில் வாசிப்பு. மற்ற நாளில் சமையல்கட்டில் சாப்பாடு.

பழைய மாட்டுக்கொட்டகைக்குள் போய் நின்றேன் அக்கா. நம் மாடு டொன்னாக்கைக் கட்டிய முளை இன்னும் இருக்கிறது. அந்தப் பழுப்புக் கழுதை பாட்டில்லாமல் ஒரு சொட்டு கறக்கவிடாது. நீ பாட ஆரம்பிப்பாய். மூன்றாவது அடி வந்ததும் அவள் பின்னங்காலைத் தூக்குவாள். நீ பாட்டை அப்படியே நிறுத்தி, மூச்சையும் நிறுத்தி, செம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாய். அவள் யோசித்து, வேறு வழியில்லாமல் காலை இறக்குவாள். நீ விட்ட இடத்தில் எடுப்பாய். கிர்ஸ்டி மரமுக்காலியில் உட்கார்ந்தபடி அதே இடத்தில் தன் காலையும் தூக்கி, உன்னைப் பார்த்துச் சிரிப்பாளே! இன்னும் தூக்குகிறாளா? பேச்சு வந்துவிட்டதா? எழுது.

உன் தம்பி,
லாக்லன்

---

கேப் பிரெட்டன்,
1823 ஜூலை 20

தம்பி லாக்லனுக்கு,

அக்கா எழுதுவது. நானும் மர்டோவும் சுகம். அப்பாவும் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். கடிதத்தைக் கொண்டுவந்த மாலுமிக்கு உருளைக்கிழங்கு அவித்துப் போட்டேன். தின்றுவிட்டு, உப்பு இல்லையா என்றான். இல்லை என்றேன்.

கப்பலைப் பற்றி எழுதமாட்டேன். கேட்காதே.

இங்கே எல்லாம் மரம். நிலம் தருகிறோம் என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள். நிலம் மரத்துக்கு அடியில் இருக்கிறது. மர்டோ காலையில் கோடரியை எடுத்தால் இருட்டும்வரை வெட்டுகிறான். வெட்டின மரத்தின் அடிக்கட்டைகளுக்கு நடுவில் கிழங்கு போடுகிறோம். கருப்பாகப் பொடிப்பொடியாக ஒரு ஈ இருக்கிறது, காதோரம் கடித்தால் ரத்தம் வடிகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், இங்கே யாரையும் பார்த்துத் தொப்பியைக் கழற்ற வேண்டியதில்லை. மர்டோ பழக்கதோஷத்தில் முதல் மாதம் பாதிரியாரின் குதிரைக்குக்கூடக் கழற்றினான்.

டர்ன்புல்லுக்கு மனமா? டொன்னாக்கை அவிழ்த்துக்கொண்டு போன அன்று, ‘பால் குடிக்கிற பிள்ளை இருக்குய்யா’ என்று நான் அவன் காலைப் பிடித்தேன். ‘கப்பல்ல கொடுப்பாங்க’ என்றான். டொன்னாக் அவன் ஆளின் முட்டியில் ஒன்று விட்டாளே, அதுதான் நம் பள்ளத்தாக்கு கொடுத்த ஒரே பதில். மற்றபடி நாங்கள் எல்லோரும் வரிசையாக நடந்துபோய்க் கப்பல் ஏறினோம். அப்படிப்பட்டவன் அப்பாவைச் சும்மா விட்டுவைத்தான் என்றால் நான் நம்பமாட்டேன். உண்மையை எழுது.

எங்களுக்கு மாடு இல்லை. அதனால் பாட்டும் இல்லை.

அக்கா,
எஃபி

---

கின்ஃபாலன் மாளிகை,
1823 அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நீங்கள் நலமாக இருப்பதைப் படித்ததும் பாதி பாரம் இறங்கியது. நானும் குறைவில்லாமல் இருக்கிறேன். அப்பாவுக்குக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். குதிரைக்குத் தொப்பி கழற்றிய இடத்தில் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. “அந்தக் குதிரை நம்ம சீமானைவிட யோக்கியமா இருந்திருக்கும், விடு” என்றார்.

அவசரத்தில் கிர்ஸ்டியைப் பற்றி எழுத மறந்துவிட்டாய். அப்பாவும் அதைத்தான் கேட்டார்.

அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. விறகு இருக்கிறது, ஓட்ஸ் மாவு இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை நான் போகிறேன். வேறென்ன உண்மை வேண்டும் உனக்கு?

இங்கே புதுச் செய்தி ஒன்றுதான். நடன மெட்டுகளைத் தொகுத்து எடின்பரோவில் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். காசு போட்ட சீமான், சீமாட்டி ஒவ்வொருவர் பெயரும் ஒவ்வொரு மெட்டுக்கு. மெட்டைக் கட்டினவன் பெயர், கட்டினவன் யார் என்று தெரிந்தால், கீழே பொடி எழுத்தில். நான் சொல்லி எழுதவைத்த சில மெட்டுகளும் இருக்கின்றன. எங்கள் சீமாட்டி புத்தகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாள்.

இந்த வருஷம் மலையில் ஹெதர் புதர் நன்றாகப் பூத்தது. தேன் எடுக்கத்தான் ஆள் இல்லை.

அத்தானையும் கிர்ஸ்டியையும் மிகவும் கேட்டதாகச் சொல்.

லாக்லன்

---

கேப் பிரெட்டன்,
1824 பிப்ரவரி 11

லாக்லனுக்கு,

உயிரோடு இருக்கிறோம். நீயும் இருப்பாய்.

துறைமுகம் உறைந்து கிடக்கிறது. பனி உடைந்து முதல் கப்பல் போகும்போதுதான் இது போகும். அதுவரை இந்தக் கோபம் எனக்குள்ளேயே கிடக்க வேண்டாம் என்று இன்றைக்கே எழுதுகிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டில் கம்பளி அடித்தோம். பெண்கள் எல்லோரும் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, பாடிப் பாடி ஈரத்துணியை அடித்துக் கெட்டியாக்கி முடித்ததும் ஆண்கள் வந்தார்கள். கோல் மெக்வாரிஷ் என்று ஒருவர், போன இலையுதிர்காலக் கப்பலில் வந்தவர், பிடிலை எடுத்தார். இரண்டு மெட்டு வாசித்தார். மூன்றாவதை ஆரம்பித்ததும் என் கையிலிருந்த கோப்பை கீழே விழுந்தது.

“ஐயா, இது யாரு மெட்டு?”

“இதா? கின்ஃபாலன் சீமாட்டி மெட்டும்மா. எடின்பரோவுல அச்சாகியிருக்கு. புஸ்தகமே வெச்சிருக்கேன்.”

“சீமாட்டியா? அவ என்னைக்காவது மாட்டு மடியத் தொட்டிருக்காளா?”

“சீமாட்டிக்கும் மாட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“இது என் மாட்டுப் பாட்டுய்யா!”

வீடே சிரித்தது. “எஃபி வீட்டு மாடு எடின்பரோ போயி புஸ்தகம் போட்டிருக்காம்டோய்” என்று எவனோ கத்தினான். மர்டோ மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத் தெரியும்.

திரும்ப வாசிக்கச் சொன்னேன். கோல் நல்ல மனிதர், வாசித்தார். மூன்றாவது அடி வந்தது. டொன்னாக் கால் தூக்குகிற இடம் வந்தது. அவர் நிற்கவில்லை. அங்கே நிறுத்தமே இல்லை. மேலே மிதித்துக்கொண்டு போவதுபோல் போனார். “புஸ்தகத்துல இப்படித்தாம்மா இருக்கு” என்று பக்கத்தைத் திறந்து காட்டினார். மேலே சீமாட்டி பெயர் இருந்தது. கீழே பொடி எழுத்துகூட இல்லை.

அந்தப் பாட்டு நான் கட்டினது. அதை எந்தப் பிடிலிலும் ஏற்றினவன் நீ ஒருவன்தான். இப்போது சொல், அதை அவளிடம் கொடுத்தது யார்? அந்த நிறுத்தத்தை வெட்டினது யார்?

எஃபி

---

கின்ஃபாலன் மாளிகை,
1824 ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டுகிறேன். அப்பாவுக்குக் குளிர்காலம் சரியாகப் போகவில்லை. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. ஆனாலும் நேற்று, சீமானின் நாய்க்குப் போட்டிருக்கும் வெள்ளிக் கழுத்துப்பட்டையைப் பற்றி என்னிடம் வெகுநேரம் பேசினார்.

உன் கோபம் நியாயம். இங்கே வழக்கம் அப்படி. கூடத்தில் வாசிக்கிறவன் ஒரு மெட்டு வாசிப்பான்; சீமாட்டிக்குப் பிடித்தால் அது அவள் மெட்டு. மலை அவர்களுடையது, ஆற்று மீன் அவர்களுடையது, மான் அவர்களுடையது. ஒரு மெட்டு மட்டும் நம்முடையதாக இருக்கும் என்று நினைத்தோமா?

நிறுத்தத்தை எடுத்தவர் எடின்பரோ பதிப்பாளர். நான் வாசித்துக் காட்டியபோது அந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். “இங்க என்ன, தூங்கிட்டியா? ஆடுறவங்க ஒருத்தர்மேல ஒருத்தர் விழுவாங்கப்பா” என்று சொல்லி ஒரு கோடு போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாட்டுப் பாட்டுதானே அக்கா. உன் தொண்டையில் இருப்பதை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லையே. கிர்ஸ்டிக்குப் பாடு. அவளுக்குத் தெரியும் எங்கே நிறுத்த வேண்டும் என்று. இந்தக் கடிதத்திலாவது அவளைப் பற்றி நான்கு வரி எழுத மாட்டாயா? ‘எம் பேத்தி வளந்திருப்பா’ என்று அப்பா கதவு நிலையில் ஒரு கோடு கிழித்துவைத்திருக்கிறார்.

லாக்லன்

---

கேப் பிரெட்டன்,
1824 ஆகஸ்ட் 9

லாக்லன்,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. அப்பாவின் நெஞ்சுக்கு வெங்காயத்தைச் சுட்டுக் கட்டு.

கிர்ஸ்டி இல்லை.

கப்பலிலேயே போய்விட்டாள். அம்மை. நாங்கள் கீழ்த்தட்டில், இரண்டு பலகைக்கு நடுவில், எழுந்து உட்கார இடமில்லாமல் படுத்திருந்தோம். பால் கப்பலில் கொடுப்பார்கள் என்றானே டர்ன்புல், தண்ணீருக்கே அடிதடி. கடைசி நாள் பாடச் சொன்னாள். பேச்சு வந்துவிட்டதா என்று கேட்டாயே, வந்திருந்தது. “டொன்னாக்” என்று சொன்னாள். பாடினேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன். போர்வைக்குள் அவள் கால் அசைந்தது. தூக்க முடியவில்லை. இப்போது தூக்குவாள், இப்போது தூக்குவாள் என்று நான் நிறுத்தியபடியே இருந்தேன். மர்டோதான் என் தோளைப் பிடித்து அவளிடமிருந்து என்னை எடுத்தான். ஓட்ஸ் மூட்டைச் சாக்கில் சுற்றித் தண்ணீரில் விட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டை நான் முடிக்கவே இல்லை. இரண்டு வருஷமாக அந்த இடத்திலேயே நிற்கிறது. மாடு இல்லாததால் பாட்டில்லை என்று எழுதினேன். பொய்.

ஒரு மாட்டுப் பாட்டுதானே என்கிறாய். ஆமாம். பெயரைச் சீமாட்டி வைத்துக்கொள்ளட்டும், அவள் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே எத்தனையோ திருட்டு மான்கொம்பு தொங்குகிறது. ஆனால் அந்த நிறுத்தம் என் பிள்ளையுடையது. அவளுக்குக் கல்லறை கிடையாது. கடலில் எந்த இடம் என்றுகூட எனக்குக் காட்டத் தெரியாது. அந்த ஒரு மூச்சு இடம்தான் இருந்தது. அதன்மேல் கோடு போடவிட்டு நீ வாய்மூடி நின்றாய்.

ஒரே ஒரு தடவை, அவர்கள் எல்லோருக்கும் முன்னால், அதைச் சரியாக வாசி. யாருடையது என்று சொல். செய்யமாட்டாய் என்றால் எனக்கு எழுதாதே.

எஃபி

---

கின்ஃபாலன் மாளிகை,
1824 அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உன் கடிதத்தை வாசித்துவிட்டுச் சதுப்புக்குப் போய் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கிர்ஸ்டி எப்படி இருக்கிறாள் என்று எத்தனை முறை கேட்டுத் தொலைத்தேன் நான்.

அப்பா போய்விட்டார். செப்டம்பர் மாதக் கடைசியில். கிர்ஸ்டியைப் பற்றி அவருக்குத் தெரியாது. உன் கடிதம் அவர் போனபிறகுதான் வந்தது. அதற்கு மட்டும் கடவுளுக்கு நன்றி. கடைசிவரை நினைவு தப்பவில்லை. பாதிரியார் வந்து, “உங்கள் பாவங்களுக்காக வருந்துகிறீர்களா?” என்று கேட்டார். “வருந்துறேன். டர்ன்புல் சின்னப் பையனா ஆத்துல விழுந்தப்ப நாந்தான் தூக்கிவிட்டேன்” என்றார் அப்பா. பாதிரியார் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

பெட்டி தூக்க ஆள் இல்லை. அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து ஆடு மேய்க்க வந்த வெளியூர்க்காரர்கள்தான் வந்து தோள் கொடுத்தார்கள். நம்மை விரட்டிவிட்டு அவர்களைக் கொண்டுவந்தார்கள் என்று நான் அவர்களோடு ஒருநாளும் பேசினதில்லை. நல்ல மனிதர்கள். அழுதார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாளே கூரையைக் கொளுத்தினார்கள். காரியஸ்தர் சொன்ன சொல் தவறவில்லை: கிழவர் இருக்கும்வரை வீடு. அந்தக் கதவு நிலையை மட்டும் பெயர்த்து எடுக்கலாம் என்று ஓடினேன். அதற்குள் பற்றிக்கொண்டது.

நீ சொன்னதைச் செய்கிறேன். சீமான் மகனுக்கு இருபத்தொரு வயது நிறைகிறது. நவம்பர் கடைசியில் பெரிய விருந்து. எனக்கு இனி இங்கே பயப்பட ஒன்றுமில்லை.

லாக்லன்

---

கேப் பிரெட்டன்,
1824 அக்டோபர் 30

தம்பி லாக்லனுக்கு,

இந்த வருஷத்தின் கடைசிக் கப்பல் நாளை கிளம்புகிறது. மர்டோ வாசலில் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறான், இதை எடுத்துக்கொண்டு ஓட. நீ நலமா? அப்பா நலமா? அப்பா எப்படி இருக்கிறார் என்று முதலில் எழுது.

நான் ஆகஸ்டில் எழுதினதைச் செய்யாதே. இன்னும் செய்யவில்லை என்றால் செய்யாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

மாளிகைச் சமையல்கட்டில் இருந்த ரேச்சலை உனக்குத் தெரியும். ஒரு தட்டு உடைந்ததற்கு வெளியே அனுப்பினார்களாம். முந்தாநாள் வந்த கப்பலில் இங்கே வந்திருக்கிறாள். நான் அவளிடம் உன்னைத் திட்டினேன். மெட்டைத் தூக்கிக் கொடுத்துச் சீமாட்டியிடம் நல்லபேர் வாங்கினான் என்றேன். அவள் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

“உனக்குத் தெரியாதாக்கா? அவன் எழுதலயா?”

“என்ன எழுதலே?”

“சீமாட்டி அந்த மெட்டு வேணும்னா. உங்க தம்பி முடியாதுன்னுட்டான். எங்க அக்காவோடது, நா குடுக்க முடியாதுன்னு நின்னான். டர்ன்புல் அவன வெளிய கூட்டிட்டு வந்து, எங்க அடுப்படி வாசல்ல வெச்சே சொன்னான்: ‘உங்கப்பன் மேல இருக்கான். நாளைக்குக் கூரைய எடுக்கச் சொல்லட்டா? இல்ல, அந்தக் கிழவன் சாகிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டுமா? சீமாட்டி கேக்கிறது ஒரு பாட்டு’ன்னான். அப்புறம்தான் உங்க தம்பி பிடிலத் தூக்கிட்டு உள்ள போனான். நாங்க எல்லாரும் பாத்திரம் தேய்க்கிறதையே நிறுத்திட்டோம்.”

முட்டாளே, இதை எழுத உனக்கு என்ன வந்தது? இத்தனை மாதமாக நான் உன்னை விற்றவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ எழுதியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? கொடு, இன்னும் நான்கு பாட்டு வேண்டுமா என்று கேள் என்றல்லவா சொல்லியிருப்பேன்.

டொன்னாக்கை ஓட்டிக்கொண்டு போனபிறகும் அவள் பாட்டு அப்பாவுக்குப் பால் கொடுத்திருக்கிறது. எனக்கு அது போதும். கிர்ஸ்டிக்கும் போதும். தாத்தாவின் கூரைக்காகத் தன் இடத்தைக் கொடுத்தாள் என்று இருக்கட்டும். நீ ஏதாவது சொல்லி, அந்த நாய் அப்பாவை இழுத்து வெளியே போட்டுவிடப் போகிறது. கோடு போட்டபடியே வாசி. வாயைத் திறக்காதே.

மர்டோ கத்துகிறான்.

அக்கா

---

கிளாஸ்கோ,
1824 டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஒரு நெசவாளி வீட்டில், தறிக்குக் கீழே படுத்திருக்கிறேன். தறி ஓடும்போது தூங்க முடியாது, ஓடாவிட்டால் சோறில்லை. என் கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. இனி மாளிகைக்கு எழுதாதே, நான் அங்கே இல்லை.

விருந்தைப் பற்றிச் சொல்கிறேன். கூடம் முழுக்க மெழுகுவர்த்தி. எடின்பரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த கூட்டம். எல்லோரும் நம் ஊர்க் கம்பளிக் கட்டத்துணியைப் புதிதாகத் தைத்துக் கட்டியிருந்தார்கள். அதை நெய்தவர்களை விரட்டிவிட்டு அதைக் கட்டிக்கொண்டு ஆடுவது எப்படி முடிகிறதோ. நான் பிடில், என் பக்கத்தில் பெரிய பிடிலோடு கிழவர் ஆர்ச்சி. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சீமாட்டி நடுவில் வந்து நின்று, “என் மெட்டு” என்றாள்.

ஆரம்பித்தேன். மூன்றாவது அடி வந்தது. வில்லைத் தூக்கிவிட்டேன்.

ஆர்ச்சி தனியாக ஒரு சுரம் அழுத்திவிட்டுத் திடுக்கிட்டு நின்றார். அந்த ஆட்டத்தில் ஒற்றைக்காலில் துள்ளுகிற இடம் அது. கூடம் முழுக்கச் சீமான்களும் சீமாட்டிகளும் ஆளுக்கொரு காலைத் தூக்கியபடி நின்றார்கள் அக்கா. ஒருவர் தள்ளாடி இன்னொருவர் தோளைப் பிடித்தார். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று நான் யோசிக்கவில்லை. கிர்ஸ்டி காலை இறக்குகிறவரை நிறுத்தினேன். பிறகு எடுத்தேன்.

இரண்டாவது சுற்றில் எல்லோரும் அந்த இடத்தை எதிர்பார்த்தார்கள். காலைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். பிடித்துப்போய்விட்டது அவர்களுக்கு! ஆட்டம் முடிந்ததும் கைதட்டல். சீமாட்டி மூச்சுவாங்கிக்கொண்டு வந்தாள்.

“அழகா இருக்கே அந்த நிறுத்தம்! எனக்காகப் புதுசா போட்டியா?”

“இல்ல அம்மணி. பழசுதான். கோடு போட்டு எடுத்துட்டாங்க.”

“எதுக்கு அந்த இடத்துல நிக்குது?”

“டொன்னாக் கால் தூக்குற இடம் அம்மணி.”

“டொன்னாக் யாரு?”

“எங்க அக்காவோட மாடு. அதுக்காக எங்க அக்கா எஃபி கட்டின பாட்டு இது. மாடு ஒதைக்கக் காலத் தூக்கும். அக்கா நிறுத்திட்டுக் காத்திருப்பா. அக்கா பொண்ணு கிர்ஸ்டியும் கூடவே காலத் தூக்குவா. நீங்க அனுப்பின கப்பல்ல அவ செத்துட்டா. இன்னைக்கு நீங்க எல்லாரும் தூக்கினீங்க.”

இதை ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு திரும்பி, கதவோரம் நின்ற வேலைக்காரர்களுக்காக நம் மொழியிலும் சொன்னேன். முதலில் ஒரு பெண் வாயைப் பொத்தினாள். பிறகு தட்டு ஏந்தி நின்றவன். பிறகு கதவோரம் முழுக்கச் சிரிப்பு, அடக்க முடியாத சிரிப்பு. சிலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். சீமாட்டி முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

டர்ன்புல் என் சட்டையைப் பிடித்துப் படி வரைக்கும் இழுத்துவந்தார்.

“பன்றிப் பயலே, உனக்கு என்ன கொற வெச்சோம்?”

“ஆத்துல விழுந்தப்ப உங்களத் தூக்கிவிட்டது யாருன்னு ஞாபகம் இருக்கா ஐயா?” என்று கேட்டேன்.

என் சட்டையை விட்டார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். ஆர்ச்சி என் பிடிலைக் கொண்டுவந்து கொடுத்து, “அடுத்த தடவ முன்னாடியே சொல்லுடா, நானும் நிறுத்துவேன்ல” என்றார்.

ஏப்ரலில் கிரீனக் துறைமுகத்திலிருந்து கப்பல் இருக்கிறது. வருகிறேன்.

லாக்லன்

---

கேப் பிரெட்டன்,
1825 மே 22

அன்புள்ள தம்பிக்கு,

நீ இப்போது கடலில் இருப்பாய். உடம்புக்கு ஒன்றும் வராமல் கரை சேர வேண்டும் என்று நானும் மர்டோவும் வேண்டிக்கொள்கிறோம். இதைத் துறைமுகக் கடைக்காரரிடம் கொடுத்து வைக்கிறேன். இறங்கினதும் உன் கையில் கொடுப்பார். கடலை ஒட்டியே நடந்து வா. ஓடை வந்தால் அதைப் பிடித்து மேலே ஏறு. முதல் வீட்டில் நாய் கடிக்கும், நிற்காதே.

உன் இரண்டு கடிதமும் பனி உடைந்தபிறகு ஒரே நாளில் வந்தன. அப்பாவுக்காக அழுதேன். விருந்து நடந்ததை மர்டோ எனக்கு வாசித்துக் காட்டினான். கோல் வந்திருந்தார், அவருக்காக மறுபடி வாசித்தான். கோல் தன் புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தில், மூன்றாவது அடிக்குமேல் கரித்துண்டால் ஒரு கால் வரைந்தார். மாட்டுக்கால் மாதிரி இல்லை. பரவாயில்லை.

நான் அக்டோபரில் ஒரு கடிதம் மாளிகைக்கு எழுதியிருந்தேன். உனக்குக் கிடைக்கவில்லை. வந்ததும் அதில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். முதலில் உன் காதைத் திருகிவிட்டுத்தான் சொல்வேன்.

எங்களுக்கு ஒரு மாடு வந்திருக்கிறது. குளிர்காலம் முழுக்க மர்டோ மரம் அறுத்துக் கொடுத்ததற்குப் பதிலாக ஓட்டிவந்தான். வெள்ளை உடம்பு, நீண்ட கழுத்து, நம்மைப் பார்க்காமல் நம் தலைக்கு மேலே பார்க்கிற பார்வை. பக்கத்தில் போனால் உதை. மூன்று நாள் ஒரு சொட்டு கறக்கவிடவில்லை. நேற்று காலை செம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு வழியில்லை, பாடினேன். மூன்றாவது அடியில் காலைத் தூக்கினாள். நிறுத்தினேன். மர்டோ வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். காத்திருந்தேன் லாக்லன். வெகுநேரம் காத்திருந்தேன். அவள் காலை இறக்கினாள்.

மிச்சத்தைப் பாடி முடித்தேன்.

மாட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்று மர்டோ கேட்டான். கின்ஃபாலன் சீமாட்டி என்று வைத்தாயிற்று. சீமாட்டி நன்றாகக் கறக்கிறாள். உனக்கு மோர் எடுத்து வைத்திருக்கிறேன், சீக்கிரம் வா.

அக்கா,
எஃபி